ஆஸ்பத்திரி சவாரி

"பெரிய ஆஸ்பத்திரியா? வராது சார். பின்னாடி வண்டியில கேளுங்க."

வரிசையில் முதலில் நின்ற டாக்சிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

ஆடிட்டர் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராத்திரி ஒன்பதுக்கு இறங்க வேண்டிய விமானம் இரண்டு மணிக்குத்தான் இறங்கியது. பெட்டி வந்து சேர இன்னும் அரை மணி. நாலு மணிக்கு அக்காவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போய்விடுவார்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகவே ஒரு மணி நேரம் ஆகும்.

"தம்பி முகத்தைப் பார்க்காம உள்ளே போக மாட்டேன்னு அடம் பிடிக்கிறா. சீக்கிரம் வா மாப்ளே" என்று அக்கா வீட்டுக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

இரண்டாவது டாக்சிக்காரர் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரி என்றதும் அதே சிரித்த முகமாக மூடிவிட்டார். மூன்றாமவருக்கு டீ குடிக்கணுமாம். நான்காமவருக்குத் திடீரென்று முட்டி வலி வந்துவிட்டது.

"ஒரு உசுரு விஷயம்யா! மனுஷங்கதானா நீங்கல்லாம்?"

"புரியுது சார். அதான் பின்னாடி போகச் சொல்றோம்" என்றார் ஐந்தாமவர், கொட்டாவி விட்டபடி.

ஆறாமவர் தலையை மட்டும் ஆட்டினார். ஏழாமவர் இறங்கிப் போய், தனக்குப் பின்னால் நின்ற வண்டியின் கூரையில் தட்டினார்.

"ஏய் ஒல்லி, எழுந்திரு! ஆஸ்பத்திரி!"

சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒல்லியான ஆள் அலறிப் புடைத்து எழுந்தார். மறுபேச்சில்லாமல் பெட்டியை வாங்கி வைத்தார். யாருக்கும் வேண்டாத சவாரியை ஓர் இளிச்சவாயன் தலையில் கட்டுகிறார்கள் என்று ஆடிட்டருக்குப் புரிந்துபோயிற்று.

வண்டி பறந்தது. ஆடிட்டரின் வாயும் ஓயவில்லை.

"நாலு மணிக்கு எங்க அக்காவுக்கு ஆபரேஷன்னு சொல்லியும் ஏழு பேர்! ஒருத்தனுக்காவது ஈவு இரக்கம் இருக்கா? விடியட்டும், எழுதிக் கொடுக்கிறேன்."

"வேண்டாம் சார். நல்லவங்க."

"உங்களை மாதிரி அப்பாவி இருக்கிற வரைக்கும் அவங்க நல்லவங்கதான், போங்க."

ஒல்லி வேகத்தைக் கூட்டினார். ஆஸ்பத்திரி தெரிந்ததும், முன்வாசலை விட்டுவிட்டுப் பக்கத்துச் சந்தில் திருப்பினார்.

"எங்கே போறீங்க?"

"ராத்திரியில முன் கேட் பூட்டியிருக்கும் சார். அங்க இறங்கினா கால் மணி நேரம் சுத்தி நடக்கணும்."

பின் கேட்டில் காவலாளி ஒரு கேள்வியும் கேட்காமல் சங்கிலியை இறக்கினார். மணி மூன்று ஐம்பத்தைந்து.

"ரெண்டாவது லிஃப்ட்ல ஏறுங்க. தியேட்டர் மூணாவது மாடி, முதல் லிஃப்ட் அங்க நிக்காது. பெட்டியை நான் கொண்டு வரேன், நீங்க ஓடுங்க சார்!"

கையில் வந்த நோட்டுகளை அவரிடம் திணித்துவிட்டு ஆடிட்டர் ஓடினார்.

தியேட்டர் கதவு திறந்திருந்தது. தள்ளுவண்டியின் பாதி உள்ளே போயாயிற்று.

"அக்கா!"

அக்கா தலையைத் திருப்பினாள். கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"வந்துட்டியாடா? என்ன இப்படி இளைச்சுட்டே?" என்றவள் நர்சைப் பார்த்து, "இனிமே தாராளமா தள்ளும்மா" என்றாள்.

கதவு மூடியது. ஆடிட்டர் அத்தனை பேர் எதிரிலும் அழுதுவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் இந்தக் கை கிடைத்திருக்காது. கடவுளுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் அந்த ஒல்லிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பெட்டி வந்திருந்தது. ஆளைக் காணோம்.

"இப்பத்தான் அந்தக் கோடிக்குப் போனார்" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

நடைக் கோடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒல்லி சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். வெறும் மார்பில் ஒரு குழந்தை குப்புறப் படுத்திருந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிசு. ஆடிட்டர் வெளியிலேயே நின்றார்.

அரை மணி கழித்து ஒல்லி பொத்தான் போட்டுக்கொண்டே வந்தார்.

"ஏழு மாசத்துலயே அவசரப்பட்டு வந்துட்டா சார். உடம்புச் சூட்டுலதான் எடை ஏறுதாம். பகல்ல அவ அம்மா வெச்சுக்கிறா. ராத்திரி என் முறை."

"தினமுமா? வரிசையை விட்டுட்டு வந்தா உங்க பிழைப்பு?"

"ஏன் சார் வரிசையை விடணும்? ஒரு மாசமா ஆஸ்பத்திரிக்கு யார் வந்தாலும் எனக்கு முன்னாடி நிக்கிற ஒருத்தரும் ஏத்த மாட்டாங்க. கேட்டா, அது பாப்பாவோட சவாரிங்கிறாங்க."