பன்னிரண்டாவது கூரை

சோதனைக்காக நான் மெயின் சுவிட்சை இறக்கி வெளி மின்சாரத்தை அறுத்தும் தெரு நின்றுவிடவில்லை. மின்விசிறிகள் சுற்றின. மாவு மில் ஓடியது.

அத்தனையையும் பள்ளிக்கூடத்துப் பேட்டரி ஒற்றையாகச் சுமந்தது. மிஞ்சிப்போனால் ஏழு நிமிடம் தாங்கும்.

மின்துறைப் பொறியாளர் மீட்டர் பலகையைப் பார்த்துச் சிரித்தார். "வெயில் மண்டையைப் பிளக்குது. பன்னிரண்டு கூரையும் பூஜ்யம் காட்டுது. என்ன ஒயர்மேன், சூரியனுக்கும் லீவா?"

"கேட்டுக்கிட்டு இருக்கு சார். அஞ்சு நிமிஷம் பொறுங்க."

உண்மையாகவே கூரைகள் கேட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீட்டு சோலார் பேனலுக்கும் ஒரு பெட்டி உண்டு. வெளி மின்சாரம் அறுந்தால் அது கம்பிக்கு எதுவும் அனுப்பாமல் வாயை மூடிக்கொள்ளும். கம்பத்தில் யாராவது ஏறியிருந்தால் உயிர் போய்விடக் கூடாதே. பிறகு கம்பியில் காதை வைக்கும். மின்சாரத்துக்கு வினாடிக்கு ஐம்பது துடிப்பு. பேட்டரியின் துடிப்பு பிசகாமல் ஐந்து நிமிடம் நீடித்தால்தான் நம்பிச் சேர்ந்துகொள்ளும்.

தெரு ஒரு மணி நேரம் தன் மின்சாரத்திலேயே ஓடிக் காட்ட வேண்டும் என்பதுதான் சோதனை. இந்த ஏழு நிமிடக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் மீதி நேரத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். உயர் அழுத்தக் கம்பி இந்தப் பக்கம் வராது. தெரு அணைந்தால், பின்வரிசையில் நான்கு வீடுகளை இடித்து அந்தக் கம்பிக்கான மின்கோபுரம் எழும்பும்.

அந்த நான்கு வீட்டுக்காரர்களும் என் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

காற்றே இல்லை. கானலில் தெரு முழுவதும் நீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தது.

முதல் கூரை சேர்ந்தது. பிறகு மூன்று. பிறகு ஏழு. தூங்குகிறவர்கள் ஒருவரையொருவர் மெல்லத் தொட்டு எழுப்புவதுபோல.

பதினொன்று.

பேட்டரி மீட்டரின் முள் இன்னும் சார்ஜ் கரையும் பக்கமே சாய்ந்திருந்தது. குறை கொஞ்சம்தான். ஒவ்வொரு வீடும் தன் வெயிலில் பாதியைத் தானே குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் தெருவுக்கு விட்டது.

ஆறாவது நிமிடம் முடிந்தது.

கடைசி வீட்டுப் பெட்டி பழசு. நிதானமாகத்தான் எண்ணும்.

சேர்ந்தது.

முள் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் சாய்ந்து நின்றது. பின்னால் யாரோ விம்மினார்கள்.

பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "இந்தக் கடைசி வீடு மட்டும் எப்படிங்க முழுசையும் தெருவுக்கே தருது? ஒரு ஃபேன்கூடவா போடல?"

"அங்க யாரும் இல்ல சார்."

அது என் வீடுதான். கோபுரம் வேண்டாமென்று மனுவை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கிய என் மனைவி அங்கேதான் இருந்தாள். போன மாதம் அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகு, உள்ளே ஒரு சுவிட்சைப் போடக்கூட எனக்குக் கை வரவில்லை.