குனியவே கூடாது

“கீழ்முதுகுல ரெண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு இணைச்சிட்டா அந்த இடம் அசையாது. செயற்கை டிஸ்க் வச்சா குனிஞ்சு நிமிரலாம். உங்களுக்கு ரெண்டுமே சரிவரும்,” என்றார் டாக்டர்.

“டிஸ்க்கே வைங்க,” என்றார் கணவர்.

“வேண்டாம் டாக்டர், இணைச்சிடுங்க. இவர் குனியவே கூடாது,” என்றாள் மனைவி.

“முப்பது வருஷமா உனக்குத் தலையாட்டினது போதாதா? முதுகையும் பூட்டணுமா?”

டாக்டர் சிரித்தார். “இணைச்சா பக்கத்து மூட்டுக்குப் பாரம் கூடும்மா. அவர் இஷ்டத்துக்கு விடுங்களேன்.”

இத்தனை நாள் வாய்விட்டுச் சொல்லாததை அவள் சொன்னாள். “இவர் முதுகு தேஞ்சதே என்னாலதான் டாக்டர். குனிய முடிஞ்சா மறுபடியும் என்னைத் தூக்குவார். ஆள் வச்சுக்கலாம்னா கேக்க மாட்டார்.”

சொல்லிவிட்டுத் தன் சக்கர நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பினாள்.

கணவர் டாக்டரிடம் குரலைத் தாழ்த்தினார். “மண்டி போட்டுத் தூக்கலாம்தானே?”