இரண்டாம் வகுப்பைத் தாண்டிய நீர்நாய்

ஒரு கொக்கு சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் அந்தக் கொக்குதான் தலைமையாசிரியர்.

தாய் நீர்நாய் ஒன்று தன் மகள் சுழலியோடு வந்து கேட்டது: "ஐயா, ரெண்டாம் வகுப்புல அப்படி என்னதான் சொல்லிக் குடுக்கிறீங்க?"

"பெரிசா ஒண்ணுமில்லம்மா. ஒருத்தர் ஒளிஞ்சுகிட்டுச் சீழ்க்கை அடிப்பாங்க. யாருன்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும்."

"இந்த விளையாட்டுக்கு ஒரு வருஷமா? எம்பொண்ணு இப்பவே கெண்டை பிடிக்கிறா. பரீட்சை வச்சு மூணாம் வகுப்புல போடுங்க."

கொக்கு பரீட்சை வைத்தது. சுழலி மடுவின் அடிவரை மூழ்கி மூன்று கெண்டைகளோடு எழுந்தாள். நூற்றுக்கு நூறு. அன்றே மூன்றாம் வகுப்புக்குப் போனாள். அங்கே பாடம் மட்டும்தான், விளையாட்டு இல்லை.

ஐப்பசியில் வெள்ளம் வந்து பிள்ளைகளை நாணலுக்குள் சிதறடித்தது. தாய்மார்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொரு சீழ்க்கையாக வந்தது. "அது நம்ம வகுப்பு வாளையோட சீழ்க்கை" என்று அடையாளம் கண்டு அவரவர் நண்பர்கள் நீந்திப்போய்க் கூட்டிவந்தார்கள். கடைசியாக இன்னொரு சீழ்க்கை கேட்டது.

"நம்ம வகுப்பு இல்லடா. சின்னப் பசங்கள்ல யாராவது இருக்கும்" என்றது மூன்றாம் வகுப்பு.

"பெரியவங்க யாரோ. அவங்களே பாத்துக்குவாங்க" என்றது இரண்டாம் வகுப்பு.

சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டிருந்த சீழ்க்கை பிறகு நின்றுபோனது.

"எனக்கும் கேட்டுது. யாருன்னுதான் தெரியல" என்று கொக்கு ஒவ்வொரு முறையும் கதையை முடிக்கும். என்னால் நம்ப முடியாத இடம் அதுதான். போன வாரம் கேட்டேவிட்டேன்:

"பரீட்சை அன்னிக்கு அவளை ஒரு தடவையாவது சீழ்க்கை அடிக்கச் சொன்னீங்களா?"