எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு

அறையில் இருந்தவர்கள்: தனசேகரன், அவன் மனைவி பூவம்மா, அவள் மடியில் இருபது நாள் குழந்தை, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் செல்லக்கண்ணு, ஐஸ் ஆலையில் இரவு வேலை பார்க்கும் நான், அப்துல் கையூம் பாய்.

1964 ஜூலை. ஊரில் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கலவரம். ஜாலான் புசார் சந்தொன்றில், காப்பிக்கடைக்கு மேலே எங்கள் ஒற்றை அறை. ஊரடங்கை மதியம் இரண்டு மணி நேரம் தளர்த்தியிருந்தார்கள். அதில் முக்கால் மணி நேரம்தான் மிச்சம்.

கையூம் பாயின் அப்பா நாகூர்க்காரர். அம்மா மலாய்க்காரி. பாய்க்கு அம்மாவின் முகம். தலையில் கறுப்புச் சொங்கோக் தொப்பி வேறு.

காலையில் காப்பிக்கடைக்காரர் மேலே வந்தார். இங்கே மலாய்க்காரன் எவனாவது இருக்கிறானா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டுப் போனார்களாம். மறுபடி வருவார்களாம்.

பிறகு அவர் கடை ரேடியோவில் சங்கத் தலைவர் ஒருவர் பேசினார். படிக்கட்டு வழியே எங்களுக்கும் கேட்டது. பயத்தில் முடிவெடுக்காதீர்கள். கூடி உட்கார்ந்து யோசியுங்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே எதையும் செய்யுங்கள்.

நல்ல குரல். நல்ல தமிழ்.

அதனால் உட்கார்ந்தோம்.

“தொப்பியக் கழட்டி வச்சிடுங்க பாய். நம்ம ஆளுன்னு நெனச்சுக்குவானுங்க,” என்றான் செல்லக்கண்ணு.

“தொப்பியக் கழட்டலாம் லா. மூஞ்சியக் கழட்டி எங்க வைக்கிறது?” என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தோம். குழந்தை விழித்து அழுதது. தனசேகரன் அதைப் பார்த்தான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பாயின் மாமா வீடு மலாய்க்காரர்கள் வாழும் கேலாங் சிராயில். நடந்துதான் போக வேண்டும். வழியில் காலாங் பாலத்தில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதையும் நிதானமாகவே பேசினோம்.

பாய் போகட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றான் தனசேகரன். முதலில் அவனே தூக்கினான். அடுத்து செல்லக்கண்ணு. பூவம்மா குழந்தையை வலத் தோளுக்கு மாற்றிக்கொண்டு இடக்கையைத் தூக்கினாள்.

நான் தூக்கவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. மூன்று கை போதும் என்று நினைத்தேன்.

“எல்லாரும் ஒத்துக்கணும்னுதானே சொன்னாரு,” என்றாள் பூவம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

நேரம் போய்க்கொண்டிருந்தது.

பாய் தன் கையைத் தூக்கினார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, அதையும் தூக்கினார்.

நான் இழுத்துக்கொள்ளவில்லை.

அவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். குழந்தையின் பாதத்தை ஒருமுறை தொட்டார். வெளியே போனார்.

கதவைப் பற்றி நாங்கள் எதுவும் பேசி வைத்திருக்கவில்லை. யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை. அவர் இரண்டாவது படியில் கால் வைக்கும் முன்பே எழுந்து போய், அதைச் சாத்திப் பூட்டியவன் நான்.