பதினேழாவது படிவம்

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு மதிப்பெண் போடும் படிவத்தை, பிழைத்து வீடு திரும்புகிறவர்களிடம் மட்டும்தான் கொடுப்பார்கள். மற்றவர்கள் கைவிட்ட கேஸையெல்லாம் இழுத்துப்போட்டுக்கொண்டு பார்க்கும் பெரிய டாக்டருக்கு அதனால் படிவமும் சொற்பம், மதிப்பெண்ணும் சொற்பம். இந்த மாதமும் தேறாவிட்டால் அவரை மாற்றிவிடுவார்களாம். படிவம் கொடுத்து எண்ணும் குமாஸ்தா பெண்ணுக்கு மனசே ஆறவில்லை.

அவள் கொடுத்தது பதினாறு. பெட்டியில் பதினேழு இருந்தன. கூடுதல் படிவத்தில் ஒன்பதாம் கட்டில்காரரின் பெயர். அவர் போன வாரமே இறந்துவிட்டார். தேதி நேற்றையது. எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண் போட்டு, "கடைசிவரை என் கையைப் பிடித்திருந்தார்" என்று முத்துமுத்தாக எழுதியிருந்தது.

"இதையும் சேர்த்துக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மனுஷனுக்கு இருந்த அந்தக் கை நடுக்கம் சுத்தமா நின்னுடுச்சு பாரும்மா," என்றார்.