பக்கத்துப் படுக்கை

"அந்த ஆளை எழுப்பும்மா. இல்லேன்னா நானே எழுப்பறேன்."

ருஸ்தெம் சொன்னது பிஸினஸ் கிளாஸ் முழுக்கக் கேட்டது. பணிப்பெண்களின் தலைவி நெர்மின் மட்டும் காதில் விழாதவள் போல, அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகினாள்.

இஸ்தான்புல்லிலிருந்து சிகாகோவுக்குப் பதினோரு மணி நேரம். கிளம்பும்போதே இரண்டு மணி நேரம் தாமதம். ருஸ்தெமுக்கு முதுகெலும்பில் ஒரு வட்டு விலகியிருந்தது. உட்கார்ந்தபடியே போனால் ஸ்ட்ரெச்சரில்தான் இறங்குவீர்கள் என்று டாக்டர் மிரட்டியிருந்தார். அதற்காகத்தான் மனிதர் வாழ்நாளில் முதல் முறையாக ஒன்றரை லட்சம் லிரா கொடுத்து, கட்டிலாக விரியும் இருக்கையை வாங்கினார். அது பாதி சாய்ந்ததோடு நின்றுவிட்டது. நெர்மின் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள், மண்டியிட்டு அடியில் கையை விட்டும் பார்த்தாள். அசைவேனா என்றது.

மற்றபடி உபசாரத்தில் குறைவில்லை. புர்சாவில் துண்டு நெய்யும் ஆலை வைத்திருப்பவர் அவர். முகம் துடைக்கக் கொடுத்த வெந்நீர்த் துண்டை விரலால் தேய்த்து, நல்ல நூல்தான் என்று ஒப்புக்கொண்டார். சமையல்காரரே வெள்ளைத் தொப்பியோடு வந்து, கத்தரிக்காயா ஆட்டுக்கறியா என்று விசாரித்துப் போனார். படுக்க முடியாதவருக்கு இதெல்லாம் எதற்கு?

நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒருவன் காலை நீட்டிப் படுத்திருந்தான். சாம்பல் நிற ஸ்வெட்டர், கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டி. விமானம் மேலே ஏறிய பிறகுதான் எங்கிருந்தோ வந்து படுத்தான். சாப்பாடு, ஒயின் எதுவும் வேண்டாம் என்றுவிட்டான். காசு கொடுத்தவன் எவனாவது ஆட்டுக்கறியைத் திருப்பி அனுப்புவானா? ஓசிப் பயணி, கம்பெனியில் ஏதோ பெரிய தலையின் மச்சான் என்று ருஸ்தெம் முடிவு கட்டிவிட்டார்.

"டிக்கெட்டுக்கு அவர் எவ்வளவு குடுத்தார்? அதை மட்டும் சொல்லு."

"அந்த சீட் விக்கிறதுக்கு இல்லீங்க, ருஸ்தெம் ஐயா. அதுக்கு மேல பயணிங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. கொஞ்சம் மெதுவா பேசுங்க."

நினைத்தது சரியாகப் போயிற்று. அவருக்கு ரத்தம் கொதித்தது. பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தர எழுதித் தருவதாக நெர்மின் சொன்னாள். பணம் யாருக்கு வேண்டும்?

அன்று மாலை ஐந்து மணிக்கு சிகாகோவில் அவருடைய ஒரே மகள் செலினுக்குக் கல்யாணம். அமெரிக்கக்காரனைக் கட்டிக்கொள்கிறாள் என்று பத்து மாதம் அவளோடு பேசாமல் இருந்தவர் இவர். துருக்கி வழக்கப்படி, புகுந்த வீட்டுக்குப் புறப்படும் பெண்ணின் இடுப்பில் தகப்பன்தான் சிவப்பு நாடா கட்டி அனுப்ப வேண்டும். முந்தின நாள் அவளே போனில் கூப்பிட்டாள்.

"நீங்க வந்தா நாடா கட்டிக்கிறேம்ப்பா. வரலேன்னா கட்டாமலே போறேன். வேற யாரும் கட்ட வேண்டாம்."

போனை வைத்துவிட்டு ருஸ்தெம் குழந்தை மாதிரி அழுதார். அவள் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

எழுந்து போய் அந்த ஆளின் தோளைத் தட்டினார். அவன் பட்டியை விலக்கிப் பார்ப்பதற்குள் நெர்மின் ஓடி வந்து, இவரைக் கையோடு கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அரை மணி கழித்து வலி பொறுக்காமல் மறுபடியும் போனார். இந்தத் தடவை அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். மூன்றாம் தடவை பின் இருக்கைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். வயசானவர் வலியில் துடிக்கிறார், ஓசியில் வந்தவனுக்குக் கட்டிலா என்று ஆளாளுக்கு நியாயம் கேட்டார்கள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். நெர்மினோடு திரைக்கு அந்தப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"படுத்துக்குங்கய்யா. இனிமே எனக்கு அது தேவைப்படாது."

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க தம்பி. பொண்ணு கல்யாணம்."

"தெரியும். எல்லாருக்குமே கேட்டுச்சு."

நெர்மின் மெத்தையை விரித்துவிட்டு நகர்ந்தாள். முதுகு மெத்தையோடு மெத்தையாகப் படிந்ததும் வலி வடிந்தது. ருஸ்தெம் கொடுத்த காசுக்குத் தூங்கினார்.

"இறங்கப்போறோம், நிமிர்ந்து உட்காருங்க" என்று அவள் தட்டியபோதுதான் விழித்தார். சக்கரம் தரையைத் தொட்டது. உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வலி இல்லை. இனி என்ன கவலை என்று சந்தோஷமாக ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வெறும் கருங்கல் வெளி, அதற்கப்பால் கடல். கட்டடம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. அவருக்காக நியாயம் கேட்டவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்த ஊரும்மா இது?"

"ஐஸ்லாந்துங்க. சிகாகோ இன்னும் ஆறு மணி நேரம். நாளைக்குக் காலையிலதான் கிளம்புவோம்."

"நாளைக்கா? விமானத்துல என்ன கோளாறு?"

"விமானத்துல கோளாறு இல்லீங்க, ஓட்டத்தான் ஆள் இல்லை. லேட்டா கிளம்பினதுல மத்த ரெண்டு பைலட்டுக்கும் ஓட்ட அனுமதிச்ச நேரம் முடிஞ்சு போச்சு. மீதி தூரம் ஓட்ட வேண்டிய கேப்டன் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கி எழுந்திருந்தாத்தான் சட்டம் விடும்."

நெர்மின் இப்போது குரலைத் தாழ்த்தவில்லை.

"அவர் தூங்கறதுக்குன்னு ஒதுக்கின இடத்துலதான் நீங்க உட்கார்ந்திருக்கீங்க, ருஸ்தெம் ஐயா."