அலமாரியில் போர் விமானங்கள்

"என் பொண்ணுக்கு நீங்கதாண்ணே புத்தி சொல்லணும்" என்று வந்து நின்றார், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரர்.

"உட்காருங்க. என்ன விஷயம்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவர் கையில் உள்ளங்கை அளவில் ஒரு போர் விமானம். உலோக மாடல். பழைய பல் பிரஷால் அதன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விலை கூடியவை அவருக்குக் கட்டுப்படியாகாது. தள்ளுபடியில் கிடைப்பதைத்தான் வாங்குவார். அப்படியும் கண்ணாடி அலமாரியில் இடமில்லை.

"அவளை விமானப்படையில பைலட் பயிற்சிக்கு எடுத்துட்டாங்க. அவ துள்ளிக் குதிக்கிறா. எங்களுக்குச் சாப்பாடு இறங்கல."

"அதுக்கு?"

"உங்க அலமாரியைப் பார்த்ததுல இருந்து உங்க பேச்சுதான் அவளுக்கு. ஆபத்தும்மா, வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பா. ஒத்தைப் பொண்ணுண்ணே..."

மருந்துக்கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

"இதைக் கேட்க உங்களுக்கு வெட்கமா இல்ல?" விமானத்தை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இதை ஓட்டினவங்களுக்கு அப்பா அம்மா இல்லையா? எல்லாரும் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தா, இது பறந்திருக்குமா? ஊரான் பிள்ளை போய் நாட்டைக் காக்கணும், நம்ம பிள்ளை வீட்டுல பத்திரமா இருக்கணும். அதானே?"

தையல்காரர் கூனிக் குறுகிப்போனார்.

"தப்புதாண்ணே. பாசம் கண்ணை மறைச்சிடுச்சு."

அப்போது தேநீரோடு வந்தாள் மருந்துக்கடைக்காரரின் மகள்.

"இப்படியொரு அப்பா கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்மா. நீ ஏன் விமானப்படைக்கு முயற்சி பண்ணல?" என்றார் தையல்காரர்.

மருந்துக்கடைக்காரரின் பிரஷ் நின்றது.

"பண்ணேன் மாமா. கண்ணுல குறைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று சிரித்தாள் அவள்.

"அடடா! மனசை விட்டுடாதீங்கண்ணே. இனி என் பொண்ணு உங்க பொண்ணு மாதிரி. இப்பவே போய் அவகிட்ட சம்மதம் சொல்லிடறேன்."

அவரைக் கும்பிட்டுவிட்டு, தேநீரைக்கூடக் குடிக்காமல் ஓடினார்.

மருந்துக்கடைக்காரர் தலை நிமிரவில்லை.

"ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றார்.

அவர் குடிக்காமல் விட்ட தேநீரை எடுத்துக்கொண்டே அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வேற எதைப்பா சொல்றது? நான் பயிற்சிக்குக் கிளம்பின அன்னிக்கு, 'என்னைத் தாண்டிட்டுப் போ'ன்னு நீங்க வாசல்ல குறுக்கே படுத்ததையா?"